ஹெலிகாப்டருக்குத் தங்கம் தெரியாது

நம்பிக்கை: ஹெலிகாப்டர் ஒரு சுற்று வந்தால் போதும், மண்ணுக்கடியில் செம்பு எங்கே, தங்கம் எங்கே என்று கருவி காட்டிவிடும்.

உண்மை: கருவிக்குத் தெரிவது ஒன்றுதான்: எந்த இடத்துப் பாறை மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பது. ஹெலிகாப்டருக்கு அடியில் பெரிய கம்பி வளையம் தொங்கும். அதில் மின்னோட்டத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்துவார்கள். மாறும் காந்தப்புலம் தரைக்குள் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பும். வெறும் பாறையில் அவை உடனே தேய்ந்துவிடும். செம்பும் இரும்பும் கந்தகத்தோடு திரண்டு கிடக்கும் சல்ஃபைடு தாதுவில் சில மில்லிசெகண்டு கூடுதலாக நீடிக்கும். அந்த நீடிப்பைத்தான் அளக்கிறார்கள்.

தங்கமும் நல்ல மின்கடத்திதானே என்று கேட்கலாம். ஆனால் ஒரு டன் பாறையில் சில கிராம் இருந்தாலே அது நல்ல தாது. தூளாகச் சிதறிய அந்தச் சில கிராமை எந்த வளையமும் உணராது. தங்கத்தோடு சேர்ந்து வரும் சல்ஃபைடுகளோ பாறைப் பிளவுகளோ தென்பட்டால்தான் உண்டு. செம்பும், சிலியின் பெருஞ்சுரங்கங்களில் போலப் பொட்டுப் பொட்டாகச் சிதறிக் கிடந்தால், எளிதில் பிடிபடாது.

நம்பிக்கை: பறக்கும் கருவியின் கதிர்வீச்சு ஊரைப் பாதிக்கும்.

உண்மை: இது எக்ஸ்-ரே அல்ல, தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலம். மாடு மிரண்டால் அது ஹெலிகாப்டர் சத்தத்துக்கு.

நம்பிக்கை: சிக்னல் பலமாக வந்தால் சுரங்கம் உறுதி.

உண்மை: பங்கு விற்பவர்களுக்குப் பிடித்த நம்பிக்கை இது. கிராஃபைட்டும் களிமண்ணும் உப்புநீரும்கூட மின்சாரத்தைக் கடத்தும். (நீர் தேடுபவர்களுக்கு அந்த உப்புநீரே செய்தி. தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் கடலூர் மாவட்டத்தில் இதே முறையில் நிலத்தடி நீரை ஆராய்ந்தது.)

ஓர் உதாரணம்: கனடியக் கேடயம் எனப்படும் பாறைப் பரப்பில் டெக்சஸ் கல்ஃப் சல்ஃபர் நிறுவனம் சுமார் 15,000 சதுர மைல் பறந்து அளந்தது. சந்தேகத்துக்குரிய இடங்கள் ஏராளம். அவற்றில் ஒன்று ஒன்டாரியோவின் டிம்மின்ஸ் அருகே. 1963 நவம்பரில் அங்கே துளையிட்டதும் முதல் துளையிலேயே செம்பும் துத்தநாகமும் வந்தன: கிட் கிரீக் சுரங்கம். 1964 ஏப்ரலில் ஊரறியச் சொல்லும் முன் நிறுவனத்தின் உள்ளாட்கள் சிலர் பங்கு வாங்கிக் குவித்து வழக்கில் சிக்கினார்கள். வழக்குக்குள்ளான அந்தக் கொள்முதல்கள் பறந்து முடித்த கையோடு நடந்தவை அல்ல. துளையிலிருந்து பாறைத்துண்டு கைக்கு வந்த பிறகு நடந்தவை. அந்தத் துண்டில் செம்பைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது துத்தநாகம். அதன் தாதுவோ மின்சாரத்தைக் கடத்தாத வகை.