பால்மாப் பேணியில் ஒரு விஞ்ஞானக் கூடம்

விளையாட்டுப் பொருள் என்றதும் கடைக்குத்தான் போக வேண்டும் என்று பலரும் நினைக்கின்றோம். விலை கொடுத்து வாங்கிய பொருள் இரண்டே நாளில் மூலைக்குப் போய்விடுகிறது. பிள்ளை தன் கையால் செய்த பொருளோ அப்படியல்ல. அது சரிவராவிட்டால் ஏன் சரிவரவில்லை என்று பார்க்கத் தூண்டும். தோமஸ் அல்வா எடிசன் சில மாதங்களே பாடசாலை சென்றவர். தாயார் நான்சி வீட்டிலேயே அவருக்குக் கற்பித்தார். வீட்டின் நிலவறையே அச்சிறுவனின் ஆய்வுகூடமாயிற்று.

வீட்டில் கற்கும் பிள்ளைகளும் விடுமுறையில் நாமும் செய்யக்கூடிய ஒரு கருவி ஊசித்துளைக் கமரா.

தேவையானவை

வெற்றுப் பால்மாப் பேணி, மெல்லிய ஆணி, சுத்தியல், எண்ணெய்த்தாள், இறப்பர் பட்டி, கறுப்புத் துணி.

செய்முறை

பேணியின் அடிப்பக்கத்தில் நடுவே ஆணியால் மிகச் சிறிய துளை ஒன்று இடுங்கள். மூடியைக் கழற்றி, திறந்த வாயில் எண்ணெய்த்தாளை இழுத்துப் பிடித்து இறப்பர் பட்டி போடுங்கள். வெயில் படும் ஒரு தென்னை மரத்தை நோக்கித் துளையைத் திருப்புங்கள். தலையையும் தாள் உள்ள பக்கத்தையும் துணியால் மூடிக்கொண்டு தாளைப் பாருங்கள். கண் இருளுக்குப் பழகியதும் மரம் தலைகீழாகத் தெரியும்.

ஏன் தலைகீழ்?

ஒளி நேர்கோட்டில் செல்கிறது. மர உச்சியிலிருந்து துளையினூடு வரும் கதிர் தாளின் கீழ்ப்பகுதியிலும், அடிமரத்திலிருந்து வரும் கதிர் மேற்பகுதியிலும் விழுகின்றன.

ஏறத்தாழ கி.பி. 965 இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில் இது பற்றி ஆராய்ந்தார். பல விளக்குகளை வரிசையாக வைத்து, ஒரு துளையினூடாக அவற்றின் ஒளியை இருளான இடத்தில் விழச் செய்தார். ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய ஒளிப்பொட்டு மட்டும் மறைந்தது. துளையில் சந்திக்கும் கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது புலனாயிற்று.

மேலும் செய்து பாருங்கள்

1. துளையைச் சிறிது பெரிதாக்குங்கள். விம்பத்தின் ஒளி கூடும். ஆனால் தெளிவு குறையும்.

2. ஏறாமலே மரத்தை அளவுங்கள். பேணியின் நீளம் 15 சென்ரிமீற்றர், மரம் 30 மீற்றர் தூரத்தில் என்றால், தூரம் பேணியைப் போல் 200 மடங்கு. தாளில் விம்பம் 5 சென்ரிமீற்றர் எனின் மரத்தின் உயரம் அதன் 200 மடங்கு, அதாவது 10 மீற்றர்.

3. மாமர நிழலில் வட்ட வட்டமாக விழும் வெளிச்சத்தைக் கவனியுங்கள். இலைகளின் சிறு இடைவெளிகள் ஊசித்துளைகளாகி, சூரியனின் விம்பத்தை நிலத்தில் விழுத்துகின்றன. பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அவ்வட்டங்கள் பிறை வடிவாகும்.

எச்சரிக்கை: சூரியனை வெறுங்கண்ணாலோ துளையினூடாகவோ ஒருபோதும் பார்க்கக் கூடாது.

பெற்றோருக்கு

பிள்ளை “ஏன்?” என்று கேட்டால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். “நீ என்ன நினைக்கிறாய்? செய்து பார்ப்போமா?” என்று கேளுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றி, கண்டதைத் திகதியிட்டுக் கொப்பியில் எழுதட்டும். ஆணியும் சுத்தியலும் ஆண் பிள்ளைக்கு, பொம்மை பெண் பிள்ளைக்கு என்று பிரிக்கவும் வேண்டாம். பக்கத்தில் நின்று, சுத்தியலை மகளின் கையில் கொடுங்கள். துளை கோணலாக விழுந்தாலும் பரவாயில்லை. இன்னொரு பேணி கிடைக்கும்.