பானையிலும் பரிசுத்தம்



ஞாயிறு காலையில் ஆலயத்தில் கண்ணீரோடு பாடுகிற நாம், திங்கட்கிழமை காலையில் யாராயிருக்கிறோம்? சபையில் உயர்த்திய அதே கரம் அலுவலகத்தில் எதற்காக நீளுகிறது? வாரத்தின் 168 மணி நேரங்களில் ஆலயத்தில் கழிவது இரண்டோ மூன்றோதான். மற்ற மணி நேரங்கள் யாருடையவை?

1. பாத்திரங்களின்மேல் ஓர் எழுத்து

பிரதான ஆசாரியனின் பாகையின்மேல், அவன் கர்த்தருக்கென்று பிரித்தெடுக்கப்பட்டவன் என்பதைக் காட்டும் பொற்பட்டயம் கட்டப்பட்டிருந்தது (யாத். 28:36). இஸ்ரவேல் முழுவதிலும் ஒரே ஒரு மனிதனின் நெற்றிக்கு உரிய எழுத்து அது. ஆனால், வரப்போகும் நாளில் அதே எழுத்து குதிரைகளின் மணிகளில் காணப்படும் என்றும், எருசலேமிலும் யூதாவிலுமுள்ள பானைகளெல்லாம் பரிசுத்தமாயிருக்கும் என்றும் சகரியா தீர்க்கதரிசனம் உரைத்தார் (14:20,21). குதிரை தெருவுக்கும் போருக்கும் உரியது. பானை அடுப்புக்கு உரியது. பரிசுத்தம் பலிபீடத்தோடு நின்றுவிடுவதில்லை. வீதிக்கும் வீட்டுக்கும் அது வந்து சேருகிறது.

2. வேலையும் ஆராதனையும்

ஆதாம் தோட்டத்தைப் பண்படுத்தும்படி வைக்கப்பட்டான் (ஆதி. 2:15). அங்கே வரும் எபிரெய வினைச்சொல்லே, இஸ்ரவேலர் மலையில் தேவனுக்குச் செய்யவிருந்த ஆராதனையைக் குறிக்கவும் வருகிறது (யாத். 3:12). மண்ணைக் கொத்துவதையும் தேவனைத் தொழுவதையும் ஒரே சொல்லால் சொல்ல முடிந்தது. புதிய ஏற்பாட்டில் பவுல் அப்போஸ்தலன் நம் சரீரத்தையே ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லி, அதுவே ஆராதனை என்கிறார் (ரோமர் 12:1). நாம் எங்கே போனாலும் சரீரம் உடன் வருகிறது. ஆகவே அந்தப் பலிபீடமும் நம்மோடு வருகிறது.

3. சமையலறையில் ஒரு சகோதரர்

பிரெஞ்சு தேசத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று அறியப்பட்டவரின் இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். லொரேன் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டு, அது மறுபடியும் துளிர்க்கும் என்று சிந்தித்தபோது தேவனுடைய வல்லமை அவர் உள்ளத்தைத் தொட்டது. போர்வீரராயிருந்து காயமுற்ற அவர், 1640-ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலுள்ள கர்மேல் மடத்தில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த வேலை சமையல். அது அவருக்குச் சற்றும் பிடிக்காத வேலை. ஆயினும் தேவன்மேலுள்ள அன்பினால் பல ஆண்டுகள் அதையே செய்தார். பின்னர் பாதரட்சைகளைத் தைக்கும் பட்டறையில் உழைத்தார். 1691-இல் அவர் மரித்த பின்பு, அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் தொகுக்கப்பட்டு நூலாயின.

ஜெபவேளைக்கும் வேலைவேளைக்கும் தமக்கு வேறுபாடில்லை என்பதே அவர் சாட்சி. ஆனால் அது எளிதில் வந்ததல்ல. முதல் பத்து ஆண்டுகள் தாம் மிகவும் பாடுபட்டதாக அவரே எழுதியிருக்கிறார். மனம் அலைந்தபோதெல்லாம் அதை அறிக்கையிட்டு, சோர்ந்துபோகாமல் தேவசமுகத்துக்குத் திரும்பினார். அவர் கற்ற பாடம் இதுவே: தவறாமல் நிற்பதல்ல, தவறாமல் திரும்புவது.

4. இரண்டு ஆபத்துகள்

முதலாவது, வேலையே ஆராதனையென்று சொல்லி சபைகூடுதலையும் தனிஜெபத்தையும் விட்டுவிடுவது. தானியேல் பேரரசின் அலுவல்களுக்கு நடுவிலும் தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்டார் (தானி. 6:10). குறித்த வேளை இல்லாதவனுக்கு எல்லா வேளையும் கைநழுவிப்போகும்.

இரண்டாவது, பாடலை வைத்துக்கொண்டு நீதியை விட்டுவிடுவது. அப்படிப்பட்ட பாட்டுகளைத் தேவன் இரைச்சலாகவே எண்ணுகிறார் என்று ஆமோஸ் எச்சரிக்கிறார் (5:21-24). தானியேலின் விரோதிகளோ அவர் வேலையைத் துருவித் துருவி ஆராய்ந்தும் குற்றம் காணவில்லை (6:4). ஜன்னலருகே ஜெபித்தவரின் கணக்கேடும் சுத்தமாயிருந்தது. அவர் ஜெபத்தின் மெய்ம்மைக்கு அதுவே அத்தாட்சி.

5. இன்று தொடங்க

* அதிகாலையில், அன்று செய்யவேண்டிய வேலைகளைப் பெயர் சொல்லித் தேவனிடம் ஒப்புவியுங்கள்.
* ராஜாவின் கேள்விக்கும் தம் பதிலுக்கும் இடையில் நெகேமியா ஜெபித்ததுபோல (நெகே. 2:4), தொலைபேசி ஒலிக்கும்போதும், கோப்பைத் திறக்கும்போதும், அடுப்பை மூட்டும்போதும் ஒரு கணம் அவரை நோக்குங்கள்.
* உங்களுக்கு மிகவும் பிடிக்காத ஒரு வேலையை இந்த மாதம் அவருக்கென்று செய்யுங்கள் (கொலோ. 3:23).
* இரவில் குடும்பமாய்க் கூடி, அந்த நாளில் தேவனை மறந்துபோன இடத்தை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.

பிரியமானவர்களே, சுவிசேஷத்தைக் கேட்டிராத நம் அயலார் நம்முடைய ஆலயத்துக்குள் வராமலிருக்கலாம். ஆனால் நம் கடைக்கு வருகிறார்கள். நம்மோடு பேருந்தில் பயணம் செய்கிறார்கள். நம் மேசைக்கு எதிரே மனுவோடு நிற்கிறார்கள். அவர்கள் காணக்கூடிய ஆராதனை அங்கேதான் நடக்கிறது. நம் வீட்டுப் பானையிலும், கடைத் தராசிலும், அலுவலகப் பேனாவிலும் அந்தப் பரிசுத்த எழுத்து காணப்படக் கர்த்தர்தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.