தும்மல் மாத்திரையும் அரை ஆயுளும்

விருதுநகர் மாவட்டத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நோய்க்கு உண்பது ஒன்று. பட்டாசில் நிரப்புவது மற்றொன்று. சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு மருந்து கலப்பவரின் கை சற்றே தவறி உராய்வு ஏற்பட்டாலும் தீப்பற்றிவிடலாம். ஆகவே அவருக்கு விழிப்பு மிக அவசியம். அந்த விழிப்பை ஒரு சாதாரணத் தும்மல் மாத்திரை குறைத்துவிடக்கூடும். அது எவ்வாறு எனக் காண்போம்.

ஒவ்வாமை உள்ளவரின் மூக்கில் தூசி நுழைந்தால், உடலின் சில செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அது ‘ஏற்பி’ எனப்படும் இடங்களில் பொருந்தி, தும்மலையும் அரிப்பையும் மூக்கொழுகலையும் உண்டாக்குகிறது. எதிர்-ஹிஸ்டமின் மருந்து அந்த இடங்களை அடைத்துவிடுகிறது. இவ்வகை மருந்துகளுக்கு வழிகாட்டிய டேனியல் போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் மூளையில் ஹிஸ்டமினுக்கு வேறொரு பணி உண்டு. நம்மை விழித்திருக்கச் செய்வதே அப்பணி. குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் எளிதில் மூளைக்குள் புகுந்து அங்குள்ள ஏற்பிகளையும் அடைக்கின்றன. அதனால் தூக்கம் வருகிறது. மதுவும் சேர்ந்தால் மயக்கம் பெருகும். பின்னர் வந்த பெக்ஸோபெனடின் மூளைக்குள் மிகக் குறைவாகவே புகும். செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் தரும்.

கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுள் இங்கும் உதவுகிறது. பெரியவர்களின் உடலில் குளோர்பெனிரமினின் அரை ஆயுள் ஏறத்தாழ 20 மணி. இது ஆளுக்கு ஆள் மாறும். இரவு 8 மணிக்கு ஒருவர் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்குகிறார். அது முழுவதும் உடலில் கலந்ததாகக் கொண்டால், காலை 8 மணிக்கு இன்னும் சுமார் 2.6 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். அப்போது இன்னொன்றை விழுங்கினால் மொத்தம் 6.6 மில்லிகிராம் ஆகிவிடும். “நேற்று இரவு போட்ட மாத்திரைதானே” என்று வேலைக்குப் புறப்படுபவர் இக்கணக்கை அறிய வேண்டும்.

அளவு மீறினால் வாய் உலரும், கண்பாவை விரியும், சிறுநீர் தடைப்படும், இதயத் துடிப்பு மிகும். குழந்தைகளுக்குத் தூக்கத்திற்கு மாறாகப் படபடப்பும் வலிப்பும் தோன்றலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். சளி மாத்திரை, இருமல் சிரப் இரண்டிலும் இதே மருந்து இருக்கக்கூடும். பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் கொடுத்துவிடுவோர் உண்டு. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அச்சிடும்படி, 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பணித்தார்.

யாரேனும் மிகுதியாக விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

மாணவர்களே! வீட்டிலுள்ள சளி மருந்துகளின் அட்டையை இன்றே படித்துப் பாருங்கள். அப்பாவோ அம்மாவோ பட்டாசு ஆலையில் வேலை செய்தால், டாக்டரிடம் நோயைச் சொல்லும்போது தொழிலையும் சொல்லச் சொல்லுங்கள். தூக்கம் தராத மருந்தை அவர் எழுதித் தர அது உதவும்.