பணக்காரத் தாத்தாவுக்கும் உதவித்தொகையா?

கேள்வி: பிரிட்டனில் முதியோருக்குத் தரும் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை வசதியானவர்களுக்கும் கொடுப்பது வீண்செலவுதானே?

பதில்: கோடீஸ்வரருக்கு எதற்கு 200 பவுண்டு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் வடிகட்டினால் யார் விடுபடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2024இல் தொழிற்கட்சி அரசு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘பென்ஷன் கிரெடிட்’ போன்ற வறியோர் உதவி பெறுபவர்களுக்கு மட்டுமே என்று சுருக்கியது. சுமார் ஒரு கோடிப் பேர் இழந்தார்கள். தகுதியிருந்தும் படிவத்துக்கு மலைத்தோ, கூச்சப்பட்டோ விண்ணப்பிக்காத ஏழைகளும் அதில் அடக்கம். எதிர்ப்பு வலுக்கவே 2025இல் அரசு இறங்கிவந்தது: பொதுவாகக் கொடுத்துவிட்டு, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டியவர்களிடம் வரித்துறை மூலம் திரும்ப வாங்குவது. என் நிலைப்பாடும் அதுதான். பணக்காரரை வரித்துறை பார்த்துக்கொள்ளட்டும். தன் வறுமையை நிரூபிக்க எந்தப் பாட்டியும் படிவம் நிரப்ப வேண்டாம்.