சண்டி மாடா, பயந்த மாடா?

மாரி தொடங்கிய ஒரு காலையில், விதைநெல் மூட்டைகள் ஏற்றிய வண்டில் ஒன்று மதகின் முன் நின்றுவிட்டது. இடப்பக்கத்து மாடு முன்னங்கால்களை ஊன்றி நின்றது. துவரங்கேட்டியால் இரண்டு அடி விழுந்ததும் அப்படியே படுத்துவிட்டது. வண்டில்காரர் வாலைப் பிடித்து முறுக்கினார். “சரியான சண்டி மாடு, சுவாமி. இறைச்சிக்குத்தான் உதவும்” என்றார்.

இடம்பெயர்ந்தபோது தம் மாடுகளைக் கைவிட்டு வந்தவர் அவர். கடன்பட்டு வாங்கிய அந்த மாட்டையும் இழந்தால் காலபோக விதைப்பே இல்லை.

திருவிவிலியத்தில், எண்ணிக்கை நூல் 22ஆம் அதிகாரத்தில், பிலயாமின் கழுதையும் இப்படித்தான் நின்றது. மூன்று முறை அடி வாங்கியது. வாளேந்தி நின்ற வானதூதரைக் கழுதை கண்டது, பிலயாம் காணவில்லை. மாடு மறுக்கும்போது, அது காண்பது என்ன என்று முதலில் நாம் கேட்கவேண்டும்.

மாட்டின் கண்கள் பக்கவாட்டில் உள்ளன. ஆகவே சுற்றிலும் 300 பாகைக்கு மேல் அதற்குத் தெரியும். ஆனால் ஆழத்தை மட்டிடும் பார்வை குறைவு. நிலத்தில் விழும் மர நிழல் அதற்குக் கிடங்காகத் தோன்றலாம். தலையைத் தாழ்த்தி, நின்று பார்த்தால்தான் விளங்கும். நாமோ நாணயக் கயிற்றை இழுத்துத் தலையை உயர்த்திப் பிடிக்கிறோம்; பார்க்கவிடாமல் நடக்கச் சொல்கிறோம். அதே இடத்தில் அடியும் விழுந்தால், மதகையும் நோவையும் மாடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் தூரத்திலேயே நின்றுவிடும்.

செய்யவேண்டியவை:

1. உடலைப் பாருங்கள். கழுத்தில் நுகப்புண், குளம்பில் கல் அல்லது வெடிப்பு, கழன்ற லாடன் உண்டா? பாரம் முன்னுக்குக் கூடினால் இறக்கத்தில் நுகம் கழுத்தை அழுத்தும். பின்னுக்குக் கூடினால் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். நோவினால் நிற்கும் மாட்டுக்குப் பயிற்சி மருந்தாகாது.

2. பாதையைப் பாருங்கள். நீங்களே முன்னே நடந்து பலகை, விளிம்பு, நீரின் ஆழம் ஆகியவற்றைச் சோதியுங்கள். மாட்டின் பயம் சரியாகவும் இருக்கலாம். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத இடங்களில், மதகைத் தவிர்ப்பதற்காகப் பாதையைவிட்டு இறங்கவே வேண்டாம்.

3. கயிற்றைத் தளர்த்துங்கள். தலையைத் தாழ்த்தி முகரவிடுங்கள். சத்தம் வேண்டாம். பாய்ந்தால் மிதிபடாதபடி தோளின் பக்கமாக நில்லுங்கள்.

4. மாட்டை அவிழ்த்து நடத்துங்கள். பழகிய மாட்டை முன்னே விடுங்கள். கூட்டமாக வாழும் பிராணியாதலால் மற்றது பின்தொடரும். பிறகு வெறும் வண்டிலோடு, அதன்பின் அரைப்பாரத்தோடு, கடைசியாக முழுப்பாரத்தோடு கடக்கவிடுங்கள். இதற்குச் சில நாட்கள் செல்லலாம்.

5. ஓரடி வைத்தாலும் தட்டிக்கொடுங்கள். மறுத்தவுடன் வீட்டுக்குத் திருப்பாதீர்கள். மறுத்தால் வேலை முடியும் என்று அது பழகிவிடும். சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுங்கள்.

வாலை முறுக்கினால் எலும்பு முறியலாம். கண்ணில் மிளகாய் தடவுவது, காலடியில் நெருப்பு வைப்பது எல்லாம் கொடுமை, பயனுமில்லை.

அன்று மூட்டைகளை இறக்கி மாடுகளை அவிழ்த்தோம். மதகின் புதிய சீமெந்து வெளிறிக் கிடந்தது. கீழே வெள்ளம் இரைந்தது. மாடு எழுந்து, முகர்ந்து, நெடுநேரம் பார்த்தது. அரை மணித்தியாலத்தில் சோடி மாட்டின் பின்னே அக்கரை சேர்ந்தது. மூட்டைகளை நாங்கள் தோளில் சுமந்தோம். அந்தப் போகம் அதே மாடு அவருடைய வயலை உழுதது.

அதுவும் பழகிய பாதையை விட்டு அந்நிய ஊருக்கு வந்த பிராணிதான். அந்நிலை எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கலந்துரையாடலுக்கு:

• உங்கள் மாடு எந்த இடத்தில் மறுக்கிறது? அங்கே அது காண்பது, கேட்பது என்ன?

• புதிதாக மாடு வாங்கியவருக்குப் பழகிய மாட்டைச் சில நாட்கள் இரவல் கொடுக்க உங்கள் சங்கம் ஒழுங்கு செய்யலாமா?