ஆட்டமும் படமும்: தேங்ஸ்கிவிங் வாரக் கடைசிக்கு

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் தேங்ஸ்கிவிங். அன்று டிவியில் அமெரிக்கக் கால்பந்து: பகலில் டெட்ராய்ட் லயன்ஸ் அணி, மாலையில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணி, இரவில் இன்னோர் ஆட்டம். கணக்குக்கு 60 நிமிட ஆட்டம்தான்; முடிய மூன்று மணி நேரம் பிடிக்கும். அதை வைத்தே சமையலைத் திட்டமிடுங்கள். நடு இடைவேளை சுமார் 13 நிமிடம். வடை சுடப் போதாது, காபி கலக்கலாம். டிகாஷனை முன்பே இறக்கி வையுங்கள்.

படத்துக்கு மாறும்போது டிவியின் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதியை அணைத்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். செட்டிங்ஸில் 'பிக்சர்' பகுதியில் தேடுங்கள். பந்தின் ஓட்டத்தை வழவழப்பாகக் காட்டும் அதே வசதி, நொடிக்கு 24 பிரேமில் எடுத்த சினிமாவை டிவி சீரியல் போலக் காட்டும். 1946-இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தின் கறுப்பு வெள்ளை அழகை அப்படிக் கெடுத்துப் பார்க்க எனக்கு மனம் வராது.

பிள்ளைகள் இருந்தால் 'ஹோம் அலோன்' படத்தை முதலில் போடுங்கள். 103 நிமிடம்தான், தூக்கம் வருவதற்குள் முடிந்துவிடும். ஆட்டமோ படமோ, விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து நாலு எட்டு நடங்கள்.