நெடுநினைவின் மூவகை

நினைவு என்பது யாவற்றையும் ஒருங்கே சேர்த்துவைக்கும் ஒரே களஞ்சியம் எனப் பலரும் கருதுவர். உளவியலார் கருத்து வேறு. நெடுங்கால நினைவை அவர்கள் மூவகையாகப் பகுத்துரைப்பர். நேற்று யாரைச் சந்தித்தோம் என்பது நிகழ்ச்சி நினைவு. திருக்குறளின் அதிகாரங்கள் 133 என்பது பொருள் நினைவு. மிதிவண்டி ஓட்டுதல் செயல் நினைவு. முன்னிரண்டையும் 1972இல் வேறுபடுத்திக் காட்டியவர் கனடா நாட்டு அறிஞர் எண்டல் டல்விங்.

செயல் நினைவு தனித்து இயங்குவது என்பதற்குச் சான்றானவர் அமெரிக்கரான ஹென்றி மொலைசன். வலிப்பு நோய் தீரும்பொருட்டு 1953இல் அவர்தம் மூளையின் இருபுறத்தும் உட்பகுதி அகற்றப்பெற்றது. வலிப்புக் குறைந்தது, ஆயின் 2008இல் மறையும்வரை, புதிய நிகழ்ச்சிகள் அவர் உள்ளத்தில் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவரையும் மறந்தார். முன்பே கற்ற சொற்களும் பொது அறிவும் பெரிதும் எஞ்சின.

பிரெண்டா மில்னர் என்னும் ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் உருவை மட்டும் நோக்கி விண்மீன் வடிவம் வரையுமாறு அவரைப் பணித்தார். மூன்று நாள் பயிற்சியில் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. முன்னர் வரைந்ததோ அவர் நினைவில் இல்லை. உள்ளம் மறந்ததைக் கை மறக்கவில்லை.

நம் இல்லத்து முதியோர் பெயர்களை மறக்கும்போது, எல்லாம் போயிற்று என நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அது பொருந்தாது. பேரன் பெயரை மறந்த மூதாட்டியின் விரல்கள் பூத்தொடுக்க மறவாதிருத்தல் கூடும். அவரிடம் வினாத்தொடுத்து வருத்துதலினும், பூவும் நாரும் தந்து அருகிருத்தல் நன்று.